எஸ்3: எல்எஸ் கட்டளை 180 ஜிபி என்கிறது, பில் 500 ஜிபிக்கு வருகிறது. மீதி எங்கே?

ஸ்டுடியோக்காரன்:
வணக்கம். கல்யாண போட்டோக்களை எல்லாம் அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3-இல் ஒரு பக்கெட்டில் (பெரிய ஃபோல்டர் மாதிரி) போட்டு வைத்திருக்கிறேன். டெர்மினலில் ஃபைல்களைப் பட்டியலிடும் 'ஏடபிள்யூஎஸ் எஸ்3 எல்எஸ்' கட்டளையோடு ரெகர்சிவ், ஹ்யூமன்-ரீடபிள், சம்மரைஸ் மூன்றையும் சேர்த்து ஓட்டினேன். பட்டியல் சரசரவென்று ஓடி, கடைசியில் மொத்தம் 180 ஜிபி என்று நின்றது. ஆனால் பக்கெட்டின் அளவைக் காட்டும் மெட்ரிக்ஸ் பக்கமும் மாத பில்லும் 500 ஜிபி என்கின்றன. 320 ஜிபியை யார் தின்றது?

மழைத்துளி:
எல்எஸ் ஒரு தடவைக்கு 1000 ஃபைல்தான் தரும் என்று படித்த ஞாபகம். அதுவாக இருக்குமோ?

பழைய கீபோர்டு:
அது இல்லைங்க. 1000 என்பது ஒரு ஏபிஐ அழைப்புக்கு, அதாவது சர்வரிடம் ஒரு தடவை கேட்பதற்கு, உள்ள வரம்பு. நீங்கள் ஓட்டிய டெர்மினல் கருவி (சிஎல்ஐ) தானாகவே அடுத்தடுத்த பக்கத்தைக் கேட்டு முழுப் பட்டியலையும் வாங்கிவிடும். நாமே கோட் எழுதும்போதுதான் அந்தத் தலைவலி. பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா? ஒரே பெயரில் எதையாவது தினமும் ஏற்றுகிறீர்களா?

ஸ்டுடியோக்காரன்:
ஆன்தான். பக்கெட் போட்டுத் தந்த தம்பியின் வேலையாக இருக்கும். எடிட்டிங் கேட்டலாக் ஜிப், 9 ஜிபி, தினமும் ராத்திரி 2 மணிக்கு அதே பெயரில் ஏறும்.

பழைய கீபோர்டு:
ஆள் அகப்பட்டான். வெர்ஷனிங் இருந்தால், மேலெழுதினாலும் பழைய பிரதி அப்படியே கிடக்கும். அழித்தாலும் மேலே 'அழிந்தது' என்று காட்டும் ஒரு டெலீட் மார்க்கர் விழும், அவ்வளவுதான். எல்எஸ் கண்ணுக்கு இவை எதுவும் தெரியாது. 'எஸ்3ஏபிஐ லிஸ்ட்-ஆப்ஜெக்ட்-வெர்ஷன்ஸ்' போட்டுப் பாருங்கள். கேட்டலாக் பெயரை ப்ரிஃபிக்ஸ் (பெயரின் தொடக்கம்) என்ற ஆப்ஷனில் கொடுங்கள், சர்வரிலேயே வடிகட்டி வரும். குவெரி ஆப்ஷனில் கொடுத்தால் எல்லாம் இறங்கிய பிறகு உங்கள் கணினிதான் வடிகட்டும்.

ஸ்டுடியோக்காரன்:
அடேங்கப்பா! 35 வரி. முதல் வரியில் மட்டும் இஸ்லேட்டஸ்ட் (இதுதான் புதிய பிரதியா) 'ட்ரூ', மற்ற 34-லும் 'ஃபால்ஸ்'. 34 × 9 = 306. சரி, இன்னும் 14 ஜிபி உதைக்கிறதே?

பழைய கீபோர்டு:
9 ஜிபி ஃபைல் ஒரே மூச்சில் ஏறாது, துண்டு துண்டாகத்தான் ஏறும். நடுவில் கணினி அணைந்துபோனால் ஏறிய துண்டுகள் அங்கேயே தங்கிவிடும். அதற்கும் வாடகை உண்டு. 'லிஸ்ட்-மல்டிபார்ட்-அப்லோட்ஸ்' காட்டும்.

ஸ்டுடியோக்காரன்:
இரண்டு இருக்கிறது. இரண்டுமே எங்கள் தெருவில் கரண்ட் போன ராத்திரிகள்!

பழைய கீபோர்டு:
ஒவ்வொன்றாகக் கையால் அழிக்க வேண்டாம். தானாகவே அழிக்கும் லைஃப்சைக்கிள் விதி ஒன்று போடுங்கள்: பழைய வெர்ஷன்கள் 7 நாளில் காலி, முடியாத அப்லோடுகளும் 7 நாளில் ரத்து. போன பிரதி திரும்ப வராது, யோசித்துச் செய்யுங்கள். உடனே குறையவில்லையே என்று பதறவும் வேண்டாம், அது நாளுக்கு ஒரு முறைதான் ஓடும்.

ஸ்டுடியோக்காரன்:
விதி போட்டு நாலு நாள் ஆகிறது. இன்று மெட்ரிக்ஸ் 243 ஜிபி காட்டுகிறது: 180-உம், 7 பழைய பிரதிகளின் 63-உம். தம்பியைத் திட்ட எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். வெர்ஷனிங் ஆனிலேயே இருக்கட்டும்.