காபி தோட்டத்துக்கு வெட்டருவா, எது எடுக்கலாம்?

வணக்கம். தாண்டிக்குடி பக்கம் காபி தோட்டம். உண்ணிச்செடி அடைச்சுக் கெடக்கு, மழைக்கு முன்னாடி சில்வர் ஓக் கெளையும் கழிக்கணும், ரெண்டுக்கும் தாங்குற மாதிரி ஒரு அருவா அமைய மாட்டேங்குது.

போன வருஷம் ஆன்லைன்ல 18 இஞ்ச் மச்செட்டி வாங்குனேன், 2 எம்எம் தகடு, பச்சைத் தண்டுக்கு அருமை, ஆனா உண்ணித் தூர்ல அடிச்சா துள்ளுது, மணிக்கட்டு வலி தாங்கல. அப்புறம் பட்டறைல லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்சு வாங்குன 12 இஞ்ச் வெட்டருவா, நல்ல வெயிட்டு, வெட்டு ஆழமா எறங்குது, ஆனா வாய் மடங்குச்சு. மறுபடி தோய்ச்சல் (இரும்பக் காய்ச்சி முக்கி இறுக்குறது) போட்டு வாங்குனேன், இப்ப மடங்கல, பல்லு விழுது.

அத விடப் பெரிய பயம் பிடிதான். அரக்கு ஊத்தி இறுக்கியாச்சு, பூண் போட்டாச்சு, மழைல நனைஞ்சா திரும்ப ஆடுது, வீசும்போது கழண்டு பறந்தா பக்கத்துல வேலை செய்றவங்க கதி என்னங்க.

அதனால அலகும் பிடியும் ஒரே இரும்பா இருந்து, ரெண்டு பக்கமும் கட்டை வச்சு ரிவெட் அடிச்சதுதான் வேணும். கனம் 5 எம்எம், முனை வளைவா இருக்கணும், பட்ஜெட் 2500 ரூபா.

இத திருப்பாச்சேத்தில சொல்லி அடிச்சு வாங்குறது நல்லதா, இல்ல 5160ங்கிற ஸ்பிரிங் ஸ்டீல்ல ரெடிமேடா வர்றத எடுக்கலாமா?