மறு: மறு: இரண்டு சொற்கள் வேண்டும் – குவாண்டம் பாடக்குறிப்பு (அவசரம்)

[பாடக்குறிப்பை மொழிபெயர்ப்பவர்]

குழுவினருக்கு வணக்கம். குவாண்டம் தகவலியல் அறிமுகக் குறிப்பு ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு, வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்.

இரண்டு துகள்களின் கூட்டுநிலையை ‘முதலாவதின் நிலை பெருக்கல் இரண்டாவதின் நிலை’ என்று எழுத முடிந்தால் அதை ‘செபரபிள்’ என்கிறார்கள். முடியாவிட்டால் ‘என்டேங்கிள்டு’. இப்போதைக்குப் ‘பிரிநிலை’, ‘சிக்குண்ட நிலை’ என்று போட்டுவைத்திருக்கிறேன். சரிதானா?

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

தம்பி, பிரிநிலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ‘அவருள் இவனே கள்வன்’ என்பதில் வரும் ஏகாரம் பிரிநிலை ஏகாரம். தொல்காப்பியர் காலத்திலிருந்து இலக்கணத்தில் குடியிருக்கும் சொல்லைக் காலிசெய்யச் சொல்ல வேண்டாம்.

அதைவிட நல்ல சொல் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. நன்னூல் பதவியலில் பகுபதம், பகாப்பதம் என்று படித்தோமே? பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டக்கூடியது பகுபதம், முடியாதது பகாப்பதம். கணக்கு வாத்தியார்களும் இதை எடுத்துக்கொண்டு பகு எண், பகா எண் என்கிறார்கள். ஆகவே பகுநிலை, பகாநிலை. பகுநிலை வினைத்தொகை. பகுத்த, பகுக்கின்ற, பகுக்கும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ‘பகுக்கத்தக்க’, ‘பகுக்கவல்ல’ என்று வால் ஒட்ட வேண்டியதில்லை.

[கணித ஆசிரியை]

ஐயா, அருமை. முதல் அத்தியாயம் வரைக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. |00⟩ என்றால் இரண்டு துகளும் 0 நிலையில், |01⟩ என்றால் முதலாவது 0, இரண்டாவது 1. இப்படி |00⟩, |01⟩, |10⟩, |11⟩ ஆகியவற்றோடு பெருக்கி நிற்கும் எண்களை, அதாவது கெழுக்களை, அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ×ஈ = ஆ×இ என்றால் நிலை இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடும், இல்லாவிட்டால் பிரியாது. நான்கு கெழுவும் 1/2 என்றால் பிரியும். கடைசி ஒன்றை மட்டும் −1/2 ஆக்குங்கள். ஒரு பக்கம் −1/4, மறுபக்கம் 1/4. ஒரே ஒரு குறி மாறியதில் இரண்டு துகளும் உச்ச அளவுக்குப் பின்னிக்கொண்டுவிட்டன. காரணிப்படுத்த முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி என்பதால் ‘பகா’ இங்கே அழகு.

சிக்கல் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அங்கே கலப்பு நிலைகள் உண்டு, அதாவது பல நிலைகளில் ஏதோ ஒன்று இன்ன வாய்ப்பில் வரும். பாதி நேரம் |00⟩, பாதி நேரம் |11⟩ தருகிற கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத் தாளை இரண்டு உறைகளில் போட்டு ஆளுக்கொன்று அனுப்புவது போல. ஒன்றைத் திறந்தால் மற்றதன் நிறம் தெரியும், ஆனால் அதில் குவாண்டம் மாயம் எதுவும் இல்லை. இந்தக் கலவையைக் குறிக்கும் எண் அட்டவணையை, அதாவது அடர்த்தி அணியை, ஒற்றைப் பெருக்கமாக எழுத முடியாது. ஆனாலும் இது ‘செபரபிள்’தான். பெருக்கங்களின் எடையிட்ட கூட்டலாக எழுத முடிந்தாலே போதும் என்பது 1989இல் இயற்பியலாளர் வெர்னர் வகுத்த வரையறை. பகு எண் என்றதும் காரணிகளை நினைக்கும் மாணவனிடம், காரணி இல்லாத இதையும் பகுநிலை என்று எப்படிச் சொல்வது?

ஆக உங்களுக்கு வேண்டியது இரண்டு சொல் அல்ல, மூன்று: பெருக்கமாக நிற்பது, பெருக்கங்களின் கலவையாக நிற்பது, இரண்டிலும் சேராதது.

[மொழிபெயர்ப்பவர்]

இரண்டு கேட்டால் மூன்றாகிவிட்டது. சரி. முதலாவதைப் ‘பெருக்கல் நிலை’ என்று போடுகிறேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது என நம்புகிறேன். என்டேங்கிள்டுக்கு?

[சொற்பிறப்பு ஆர்வலர்]

1935இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் இதற்கு ஜெர்மனில் வைத்த பெயர் ‘ஃபெர்ஷ்ரெங்குங்’. கைகளைக் குறுக்காக மடித்துக் கட்டிக்கொள்வதற்கும் அங்கே அந்த வினைதான். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் நூல்கண்டுச் சிக்கல் ஆயிற்று. மூலத்தைப் பார்த்தால் ‘கோத்த நிலை’ என்பதே பொருத்தம். கைகோத்தல். (கோர்த்தல் என்று எழுதாதீர்கள். கோ என்பதே வினையடி, கோத்தான், கோத்து. இடையில் ரகரம் எங்கிருந்து வந்ததென்று யாராவது காட்டுங்கள்.)

[நிரலாளர்]

கோர்த்தல் இன்று எல்லாரும் எழுதுவதுதானே ஐயா? கோத்த நிலை என்றால் முக்கால்வாசிப் பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ‘பிணைந்த நிலை’ போதும். படித்தவுடன் புரியும்.

[சொற்பிறப்பு ஆர்வலர்]

வழக்கில் இருப்பதாலேயே பிழை சரியாகிவிடாது. ‘கோவை’யைக் ‘கோர்வை’ ஆக்கியதும் இதே கதை. தனியாக எழுதுகிறேன்.

(அடுத்த ஏழெட்டு மடல்கள் கோத்தலும் கோர்த்தலும். தாண்டிவிடலாம்.)

[கணித ஆசிரியை]

பிணைந்த நிலை கூடாது. அணுக்கருவின் பிடியில் உள்ள எலக்ட்ரானின் நிலைக்கு அந்தச் சொல் போய்விட்டது. வேதியியலில் பிணைப்பு வேறு இருக்கிறது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. 1996இல் பெரெஸ் என்ற இயற்பியலாளர் ஒரு சோதனை சொன்னார். அடர்த்தி அணியில் ஒரு துகளின் பக்கத்தை மட்டும் நிரையை நிரலாகவும் நிரலை நிரையாகவும் மாற்றுங்கள், அந்த அணிக்குரிய சிறப்பு எண்களில் (ஐகன் மதிப்பு) ஒன்றாவது சுழியத்துக்குக் கீழே போனால் அது என்டேங்கிள்டு. 2×2, 2×3 அளவுகளில் (ஒரு துகளுக்கு இரண்டு நிலை, மற்றதற்கு இரண்டு அல்லது மூன்று) இந்தச் சோதனையே முழு விடை என்று ஹோரோடெக்கி குடும்பத்தார் மூவர் அதே ஆண்டில் நிறுவினார்கள். அளவு கூடினால், சோதனையில் அப்படிக் குறை மதிப்பு எதுவும் காட்டாமலே என்டேங்கிள்டாக இருக்கும் நிலைகள் உண்டு. அவற்றிலிருந்து தூய என்டேங்கிள்டு ஜோடி எதையும் வடித்தெடுக்க முடியாது. 1998இல் அவர்களே இதற்கு வைத்த பெயரில் ‘பவுண்ட்’ (பிணைந்த) என்று ஒரு சொல் உண்டு. உங்கள் வழியில் போனால் அது ‘பிணைந்த பிணைவு’ ஆகும். எப்படி இருக்கிறது?

[இலங்கையிலிருந்து ஒருவர்]

சிக்குண்ட நிலையும் வேண்டாம். எங்கள் பாடநூல்களில் ‘சிக்கலெண்’ உண்டு, தமிழ்நாட்டில் அதையே கலப்பெண் என்கிறீர்கள். இங்கே சிக்கல் மோதும், அங்கே கலப்பு மோதும். ‘சிக்கலெண் கெழுக்கள் கொண்ட சிக்குண்ட நிலை’ என்று வாசித்துப் பாருங்கள்.

யாரோ தனிமடலில் ‘தொடக்குண்ட நிலை’ என்று கேட்டிருந்தார். பழைய சொல், நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் துடக்கு என்றால் தீட்டு. துகளுக்குத் தீட்டு வேண்டாமே.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

புணர்நிலை? எழுத்ததிகாரத்தில் புணரியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நிலைமொழியும் வருமொழியும் சேர்ந்து உருமாறுகின்றன.

[கணித ஆசிரியை]

ஐயா, நாற்பது பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் நான்தான் நிற்க வேண்டும். மன்னியுங்கள்.

[நிரலாளர்]

அப்ப ‘பின்னிய நிலை’?

[சொற்பிறப்பு ஆர்வலர்]

பின்னு, பின்னல், பின்னம் எல்லாம் ஒரே வேர். எண்கள் மேலும் கீழுமாகப் பின்னி நிற்பதால் பின்னம்.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

இல்லவே இல்லை. பின்னம் வடசொல், உடைந்தது என்று பொருள். சேர்ப்பதும் உடைப்பதும் ஒரே வேரா? ஒலி ஒத்தால் உறவு என்று சொல்லிவிடக் கூடாது.

[கணித ஆசிரியை]

வேர் எதுவானாலும் பின்னல் எனக்கு வசதி. பகாநிலை, பிரியா நிலை இரண்டும் ‘இல்லை’ என்று மட்டும் சொல்கின்றன. வரையறையும் எதிர்மறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அளக்கக்கூடிய பொருள், செலவழிக்கக்கூடிய பொருள். ஓர் எண் பாதி பகா எண்ணாக இருக்க முடியாது. இங்கே உச்ச அளவில் பின்னிய ஒரு ஜோடியை எடுத்து வெறும் இரைச்சலோடு கலந்துகொண்டே போங்கள். ஜோடியின் பங்கு 1/3க்கு இறங்கும்வரை பின்னல் இருக்கும், அப்புறம் இல்லை. ‘பின்னலின் அளவு’, ‘பின்னல் குறைந்தது’ என்று எழுதலாம். ‘பகாமை குறைந்தது’ என்றால் காதில் ஏறவில்லை.

செபரபிளுக்குப் ‘பிரியும் நிலை’ போதும். இதிலும் ஒரு மோதல் உண்டு, சொல்லிவிடுகிறேன். குவாண்டம் நிலைகள் குடியிருக்கும் கணித வெளியான ஹில்பர்ட் வெளியையும் ‘செபரபிள்’ என்பார்கள். எண்ணிடத்தக்க அடர்ந்த உட்கணம் உண்டு என்பதே அங்கே பொருள், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கேயும் பிரியும் என்று போட்டால் பிரியும் வெளியில் பிரியாத நிலை என்று எழுத வேண்டிவரும். அந்தச் சொல்லை இன்னொரு நாள் பார்ப்போம்.

[நிரலாளர்]

அப்படியே ‘குவாண்டம்’ என்பதையும் துளிமம், குவையம் என்று…

[மொழிபெயர்ப்பவர்]

தயவுசெய்து தனி இழையில். வியாழன் மாலை ஆகிவிட்டது. நான்கு பேர் பின்னிய நிலை, ஒருவர் பகாநிலை, ஒருவர் கோத்த நிலை. பெருக்கல் நிலை, பிரியும் நிலை, பின்னிய நிலை என்று அனுப்புகிறேன்.

[ஓய்வுபெற்ற தமிழாசிரியர்]

அனுப்புங்கள். பகாநிலையை நான் விடுவதாக இல்லை. முதல் அத்தியாயம் முழுக்கக் கலப்பில்லாத தூய நிலைகள்தானே, அங்கே அந்த வெர்னர் தொல்லை கிடையாதே? ஆசிரியையே பொருந்துகிறது என்று எழுதியிருக்கிறார். அங்கேயாவது போடலாம்.

[கணித ஆசிரியை]

பொருந்துகிறதுதான் ஐயா. ஆனால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு சொல் என்றால் தேர்வில் இரண்டையும் கலந்து எழுதுவார்கள், திருத்துவது நான்.

[மொழிபெயர்ப்பவர்]

முதல் அத்தியாயத்தில் ஓர் அடைப்புக்குறிக்குள் பகாநிலையைப் போட்டு அனுப்பிவிட்டேன். கோப்பு அச்சகத்தில் இருக்கிறது.

[சொற்பிறப்பு ஆர்வலர்]

கோத்த நிலை?