ஒரே ரூம், அஞ்சு வகுப்பு: ஜவ்வாது மலைப் பள்ளிக்குப் போறவங்களுக்கு

ஒடுகத்தூர் டீச்சர்

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு பக்கம் சின்ன ஊர்ப் பள்ளிக்குப் புதுசா போறவங்க கேக்கறது ஒண்ணுதான்: ஒரே ரூம்ல ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் எப்படி நடத்தறது? மழை பிடிச்சிட்டா சுத்தி ஓடை ஏறி ஊரே தீவாயிடும், கேக்க ஆள் கிடைக்காது. தெரிஞ்சவங்க தெரிஞ்சதை இங்கயே எழுதி வைங்க. ரூமைப் பத்தி நான் சொல்லிடறேன்.

சட்டப்படி 60 பசங்க வரைக்கும் ரெண்டு டீச்சர். ஆனா ஒருத்தர் பயிற்சிக்குக் கீழ இறங்கினா அன்னிக்கு மிச்சம் ஒருத்தர்தான். அதனால திட்டத்தை எப்பவும் ஒரே ஆளுக்குத்தான் போடணும். ரெண்டாவது ஆள் இருந்தா லாபம்.

முதல் தப்பு, எல்லாரையும் ஒரே பலகையைப் பார்த்து உக்கார வைக்கிறது. ஒண்ணும் ரெண்டும் ஒரு சுவரைப் பார்க்கணும், நாலும் அஞ்சும் எதிர்ச் சுவரைப் பார்க்கணும், முதுகுக்கு முதுகு. மூணாவது வாசல் பக்கம். வெயில் இல்லாத நேரம் அவங்களைத் தாழ்வாரத்துக்கு அனுப்பலாம். சத்தம் பாதியாக் குறையும்.

செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைங்க அட்டையை வச்சுத் தானே செஞ்சு கத்துக்கற முறை, வந்தப்ப சுவரோட அடிப்பகுதியில பிள்ளைங்க உக்காந்தபடியே எழுதறதுக்குக் கறுப்பு அடிச்சாங்க, பிள்ளைங்க செஞ்சதைத் தொங்கவிடத் தலைக்கு மேல கம்பிப்பந்தல் கட்டினாங்க. உங்க பள்ளியில அது இன்னும் இருந்தா, வெள்ளையடிக்க வர்றவங்க மேல பூசிடாம பக்கத்துல நின்னு பார்த்துக்குங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணரை அடி அகலம் கோடு போட்டுப் பேர் எழுதிக் கொடுங்க. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, ஒண்ணாவது பிள்ளை நோட்டுல எழுதின ‘அ’ பார்க்கச் சரியாத்தான் இருக்கும். ஆனா சுழியில ஆரம்பிக்காம, கடைசியில போட வேண்டிய நேர்கோட்டை முதல்ல இழுத்துட்டு, அப்புறம் சுழியைக் கொண்டு வந்து ஒட்ட வச்சிருக்கும். கை போன வழி நோட்டுல தெரியாது. சுவர்ல எழுதினா ரூம் நடுவுல நின்னே தெரியும், அப்பவே கையைப் பிடிச்சுத் திருப்பலாம். விட்டுட்டா மூணாவதுல வேகமா எழுதும்போது கை திணறும்.

நேரம் பிரிக்கிறதுல ஒரே விதிதான். பிரார்த்தனைக்கு முன்னாடியே நாலு, அஞ்சுக்கு அரைமணி நேரத்துக்கான வேலை பலகையில இருக்கணும். உள்ள வந்ததும் அவங்க எழுத ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க நேரா சின்னதுங்ககிட்ட உக்காரலாம். மாத்திச் செஞ்சா பெரியவங்க சும்மா இருப்பாங்க. அஞ்சே நிமிஷத்துல ரூம் கையை விட்டுப் போயிடும், திரும்பப் பிடிக்க அரை நாள் ஆகும். ஒண்ணாவது பிள்ளை தனியா பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு வேலையில நிக்காது. பெரிய பிள்ளைக்கு ஒரு கணக்குப் புரிஞ்சிட்டா அரைமணி நேரம் தாங்கும்.

2022ல சின்ன வகுப்புக்கு அரசு கொண்டு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நமக்கு உதவியான ஏற்பாடு. அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு நிலை பார்த்துதான் குழு, வகுப்பு பார்த்து இல்ல. மூணாவது பிள்ளை அரும்புல உக்காந்தா ஒரு ரூம் பள்ளியில அது யாருக்கும் வெக்கமாத் தோணாது, ஏற்கெனவே எல்லாரும் ஒரே ரூம்லதான் உக்காந்திருக்காங்க.

அஞ்சாவது படிக்கிற பொண்ணுங்களைச் சின்னதுங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைக்கலாம், ஒரு நாளைக்கு 15 நிமிஷம். அதுக்கு மேல போனா அவங்க படிப்பை நாமதான் தின்னுடறோம். இதைத் தயவுசெஞ்சு மனசுல வச்சுக்குங்க.

காலைச் சாப்பாடு செய்யற அக்கா

டீச்சர் சாப்பாட்டை விட்டுட்டாங்க. 2022 செப்டம்பர் 15 மதுரையில ஆரம்பிச்ச காலை உணவு, 2023 ஆகஸ்ட் 25ல இருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. மலையில அதோட அருமை வேற. பசங்க ரெண்டு மூணு கிலோமீட்டர் மேடு பள்ளம் நடந்து வர்றாங்க, அம்மா அப்பா விடியறதுக்குள்ள கொல்லை வேலைக்குப் போயிடறாங்க.

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. 23 பேர்னா ரவை 1 கிலோ 150 கிராம். மழைக் காலத்துல ரவையில புழு வரும். மூட்டை வந்த அன்னிக்கே வெறும் வாணலில லேசா வறுத்து, ஆறினப்பால சலிச்சு, மூடி இறுக்கின டப்பாவுல போடுங்க. சூடா போட்டு மூடினா வேர்த்துக் கட்டி பிடிச்சிடும்.

மதியத்துக்குப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. கீழ ஊர்ல வேகற நேரக் கணக்கு மேல ஒத்து வராது. 800 மீட்டர் உயரத்துல தண்ணி 97 டிகிரிலயே கொதிச்சிடும், பருப்பு அதுக்குத் தகுந்தாப்பல லேட்டாகும். துவரம்பருப்பை அரைமணி நேரம் முன்னாடியே ஊற வைங்க. உப்பு, புளி ரெண்டும் வெந்தப்பாலதான். முன்னாடி புளி போட்டா பருப்பு வேகாம அப்படியே நிக்கும்.

முட்டை ஜீப்புல ஏறி வர்றதுக்குள்ள விரிசல் விடும். இறக்கினதும் எண்ணி, விரிஞ்சதைத் தனியா எடுத்துடணும். மிச்சத்தைத் தண்ணியில போட்டுப் பாருங்க, மிதக்கறது வேணாம். கொதிக்கிற தண்ணியில போட்டா ஓடு வெடிக்கும், பச்சைத் தண்ணியில போட்டுத்தான் அடுப்பு மூட்டணும்.

ஆலங்காயம் சார்

வருகையைப் பற்றி. சாமை அறுப்பு நேரத்திலும், மாசி பங்குனியில் புளி உலுக்கும் நேரத்திலும் பிள்ளைகள் குறைவார்கள். அதற்காக வீட்டில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை, அந்தப் புளியில்தான் அந்த வீட்டுக்கு ரொக்கம். எந்த வீட்டில் எப்போது உலுக்குகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து வரும் பிள்ளையை வகுப்பு இப்போது எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார வைக்காதீர்கள். அது விட்ட இடம் எது என்று தனி நோட்டில் குறித்திருந்தால் அங்கிருந்தே தொடரலாம். நடுவில் கோர்த்துவிட்டால் புரியாது, புரியாத பிள்ளைதான் அடுத்த மாதம் வராமலே நின்றுவிடும்.

ஓடை தாண்டி வரும் பிள்ளைகளின் பெயர் தனியாக இருக்கட்டும். மேற்கே கறுத்தால் மணி பார்க்காமல் அவர்களை முதலில் அனுப்புங்கள், பெரிய ஆள் ஒருவர் கூடப் போக வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் ஏறிவிட்டால் அனுப்பவே கூடாது. முழங்கால் தண்ணீர்கூட ஓட்டத்தில் சிறு பிள்ளையை இழுத்துவிடும். அன்று பிள்ளை பள்ளி இருக்கும் ஊரிலேயே யார் வீட்டில் தங்கும் என்பதை ஜூன் மாதமே பெற்றோரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

ஒடுகத்தூர் டீச்சர்

ஆமா சார், அந்தத் தங்கற வீட்டு விஷயம் ரொம்ப முக்கியம்.

இன்னொண்ணு விட்டுட்டேன். அங்கன்வாடி தூரமா இருந்தா, படிக்க வர்ற அக்காகூடவே மூணு வயசுத் தம்பியும் வந்துடும். அதைத் துரத்தினா அக்காவும் வராது. ஒரு பாய் போட்டு விளையாட ஏதாவது கொடுங்க, புளியங்கொட்டை மட்டும் வேணாம், மூக்குல போட்டுக்கும். நல்லாக் காஞ்ச கடுக்காய் மலையிலயே கிடைக்குது, மூக்குல நுழையாத அளவு, எண்ணிப் பழகவும் ஆகும். வாயில வைக்காம மட்டும் பார்த்துக்குங்க.

சான்றிதழ் வேலை பார்த்தவர்

இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தவர் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) பழங்குடியினர் பட்டியலில் மாவட்டப் பெயரோடு சேர்ந்துதான் வருகிறார்கள். அந்த மாவட்டங்களில் ஒன்று வட ஆற்காடு. மாவட்டம் பிரிந்து பெயர் மாறிப் பல காலம் ஆகியும் பட்டியலில் அந்தப் பெயர்தான் நிற்கிறது. பழங்குடியினர் சாதிச் சான்றைத் தருவது வட்டாட்சியர் இல்லை, கோட்டாட்சியர். எனவே நாள் பிடிக்கும். அஞ்சாவது முடிந்து பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாவது சேர்க்கும் நேரத்தில் தொடங்கினால் தாமதம். நாலாவது படிக்கும்போதே மனு போட வையுங்கள்.

மனு பெரும்பாலும் நிற்பது பெயரில்தான். வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, சேர்க்கைப் பதிவேட்டில் டீச்சர் காதில் விழுந்தது ஒன்று. அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் ‘சி’, இன்னொன்றில் ‘ஸ்ரீ’. ஒண்ணாவது சேர்க்கும் அன்றே பிறப்புச் சான்றைக் கையில் வாங்கி, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். பிறப்புச் சான்றே இல்லாத பிள்ளை என்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள், ஆதார் பிறகு. பதிவேட்டில் எழுதியதை அப்பா அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.