சாக்கியார் கூத்து பார்க்க சினிமா மலையாளம் போதுமா?

கோவைக்காரி: கதாகாலட்சேபம் கேட்டே வளர்ந்தவள் நான். திருச்சூர் போகும்போது கேரளக் கோயில் கலையான சாக்கியார் கூத்து ஒன்றாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அதுவும் ஒரே ஆள் கதை சொல்வதுதானே? மலையாளம் சினிமா பார்த்துப் பழகிய அளவுதான். கூட வரும் தோழி கிறிஸ்தவர், அவரையும் உள்ளே விடுவார்களா?

பாலக்காட்டான்: காலட்சேபம் மாதிரி பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது முழுக்கப் பேச்சு. சுலோகத்தைச் சொல்லிவிட்டு மலையாளத்தில் விரிப்பார், அந்த விரிப்புக்குள் ஊர் வம்பு, அரசியல், தாமதமாக வந்து உட்கார்ந்தவர் எல்லாம் நுழைந்துவிடும், திடீரென்று நீங்களே இலங்கையில் ஒரு அரக்கியாகிவிடுவீர்கள். யாரும் பதில் பேசக் கூடாது, எதிரில் ராஜாவே இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது மரபு. இந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இந்தக் கலை மேல் உயிர். வீடியோ பதிவில் பார்த்தால் இதில் பாதி போய்விடும், நேரில் பாருங்கள். சினிமா மலையாளத்துக்கு நக்கல் பிடிபடும், சமஸ்கிருதம் கலந்த வர்ணனை கொஞ்சம் நழுவும். நாராயணீயம் எழுதிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் பிரபந்தங்களை, அதாவது செய்யுளும் உரைநடையும் கலந்த சமஸ்கிருதக் கதைநூல்களைத்தான் நிறையச் சொல்வார்கள், அதனால் மகாபாரதத்தின் ராஜசூயம், பாஞ்சாலி சுயம்வரம் கதைகளை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

மிழாவுப்பித்து: மொழிதான் கவலை என்றால் முதலில் நங்கியார் கூத்து பாருங்கள் அக்கா. அதுவும் ஒருவரே நிகழ்த்துவது, ஆனால் பெண், கிருஷ்ணன் கதை முழுவதையும் முத்திரையிலும் கண்ணிலுமே சொல்லிவிடுவார். இரண்டுக்கும் மிழாவுதான், செம்புக் குடத்தில் தோல் கட்டிய வாத்தியம். அந்தச் சத்தத்தைக் கூத்தம்பலத்துக்குள், அதாவது கோயிலின் கூத்து மண்டபத்துக்குள் கேட்க வேண்டும். இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கத்திலும் திருச்சூர் வடக்குநாதனிலும் நல்ல கூத்தம்பலங்கள் உண்டு, ஆனால் கோயிலுக்குள் இருப்பதால் உங்கள் தோழிக்கு அனுமதி கிடைக்காது. செறுதுருத்தியில் உள்ள கலைப் பள்ளியான கலாமண்டலத்தில் அந்தத் தடை இல்லை. 1965-ல் பைங்குளம் ராம சாக்கியார் அங்கே ஆசிரியரான பிறகுதான், பரம்பரையாக இதை ஆடிவந்த சாக்கியார் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களும் படிக்க வழி திறந்தது. தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கல்வெட்டுவாசி: இது நமக்கும் அந்நியமில்லை. சேரன் செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையன் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறான். அரியலூர்ப் பக்கம் காமரசவல்லி கோயிலில் சாக்கைக் கூத்து ஆட நிலம் கொடுத்ததைச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. இங்கே நாம் தொலைத்துவிட்டோம், அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கோவைக்காரி: அப்படியானால் தோழியோடு செறுதுருத்தி, அப்புறம் தனியாக இரிஞ்ஞாலக்குடா. ராஜசூயம் இன்றைக்கே எடுக்கிறேன்.