டேஷ்போர்டுக்குள் டொக் டொக்

*சனிக்கிழமை*

*அக்கா, காலை 8:12*
மாமா, காரில் புதிதாக ஒரு சத்தம். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் டொக் டொக் டொக் என்று யாரோ விரலால் தட்டுவதுபோல் கேட்கிறது. பத்து விநாடியில் நின்றுவிடுகிறது. நான்கு நாளாக இப்படித்தான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

*அக்கா, 8:13*
🎤 குரல் பதிவு 0:14

*சித்தி, 8:20*
என் காரிலும் சத்தம் வருகிறது அண்ணா. தட்டுகிற சத்தம் இல்லை, தண்ணீர் களகளவென்று ஓடுகிற மாதிரி.

*மாமா, 8:31*
தங்கச்சி, உன்னுடையதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இவளுடையது.
பதிவை மூன்று முறை கேட்டேன். தட்டு ஒரே இடைவெளியில் விழுகிறது. ஏசி பெட்டிக்குள் காற்றை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிடச் சின்னக் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டார் திருப்பும். ஆக்சுவேட்டர் என்பார்கள். அதற்குள் இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் போய்விட்டால் வழுக்கி வழுக்கி இப்படித்தான் தட்டும். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் கதவுகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை அசைத்துப் பார்க்கும். அந்த நேரத்தில்தான் உனக்குக் கேட்கிறது.

*அத்தான், 8:40*
போன வருடம் பழைய காரில் இதே சத்தம் வந்தது மாமா. ஒர்க்‌ஷாப்பில் ப்ளோவரை, அதுதான் காற்று வீசுகிற விசிறியை, மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது.

*மாமா, 8:44*
ப்ளோவர் சத்தம் என்றால் காற்று வேகத்தைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடும். உள்ளே ஒரு காய்ந்த இலை விழுந்திருந்தால்கூட சரசரவென்று அடிக்கும், வேகத்தைக் குறைத்தால் அடங்கும். ப்ளோவரை அணைத்த பிறகும் தட்டுகிறது என்றால் அதன்மேல் பழி போட முடியாது. மாற்றுவதற்கு முன்னால் இதை ஒருமுறை பார்த்திருந்தால் உங்கள் காசு மிச்சமாகியிருக்கும்.

*நான், 8:50*
இன்று எனக்கு வேலை இல்லை மாமா. நான் போய்க் கழற்றிப் பார்க்கட்டுமா?

*மாமா, 8:53*
கழற்றாதே டா. முதலில் காதால் கேள். எஞ்சின் வேண்டாம், இக்னிஷன் மட்டும் போதும். பாட்டை அணை, ப்ளோவரைக் குறைந்த வேகத்தில் வை. வெப்பநிலைக் குமிழைக் குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கு மெதுவாகத் திருப்பு, நிறுத்து, கேள். அடுத்து காற்று போகிற திசை: முகம், கால், முன்கண்ணாடி. கடைசியாக உள்காற்று, வெளிக்காற்று பொத்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடு. எதைத் தொட்டால் தட்டுகிறதோ அந்தக் கதவில்தான் கோளாறு.

*அக்கா, 9:02*
மாமா, ஏசியை அணைத்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதுவும் கோளாறா?

*மாமா, 9:05*
இல்லைம்மா. வாயுவை அழுத்துகிற கம்ப்ரசர் நின்றதும் ஏசி வாயு அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு எக்ஸ்பேன்ஷன் வால்வு என்கிற குறுகிய துளை வழியாகப் போய்ச் சமமாகும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் கவலை இல்லை.

*நான், 11:06*
பார்த்துவிட்டேன். வெப்பநிலைக்குச் சத்தமே இல்லை. உள்காற்றுப் பொத்தானுக்கு மெல்லிய டப், அவ்வளவுதான். முகம், கால் சரி. முன்கண்ணாடிக்கு மாற்றினால் மட்டும் டொக் டொக். அட்டைக் குழாய் ஒன்றைக் காதில் வைத்துத் தேடினேன். ஆக்சிலேட்டருக்கு மேலே, ஏசி பெட்டியின் பக்கவாட்டில் சத்தம் பலமாக இருக்கிறது. கை வைத்தால் ஒவ்வொரு தட்டும் விரலில் அதிர்கிறது.

*மாமா, 11:10*
அதேதான்! திசை மாற்றுகிற கதவு. இனிக் கழற்றலாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத் தொடங்கு. பேட்டரியைத் திரும்ப இணைத்ததும் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கிற வண்டியா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள். மஞ்சள் உறை போட்ட வயர் கண்ணில் பட்டால் தொடாதே, அது ஏர்பேக்குக்குப் போவது.

*அக்கா, 11:12*
தம்பி, பார்த்துச் செய் டா. அவசரமே இல்லை.

*நான், 2:38*
📷 படம்
வெளியே வந்துவிட்டது. மூன்றே ஸ்குரூ, ஆனால் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கழற்றுவதற்குள் கழுத்து போய்விட்டது. மூடியைத் திறந்தால் கட்டைவிரல் நக அளவு வெள்ளைச் சக்கரம். அடுத்தடுத்த இரண்டு பல் அடியோடு இல்லை. உடைந்த துணுக்குகள் கிரீஸில் ஒட்டிக் கிடக்கின்றன.

*அத்தான், 2:41*
புது மோட்டார் ஆர்டர் போட்டுவிடட்டுமா?

*மாமா, 2:47*
போடுங்கள் மாப்பிள்ளை. ஆனால் பல் ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதியதை மாட்டக் கூடாது. வயதாகி உடைந்திருக்கலாம், கதவு இறுகியும் உடைந்திருக்கலாம். தம்பி, அந்த மோட்டார் பிடித்திருந்த தண்டைக் கையால் திருப்பிப் பார். இரண்டு பக்கமும் கடைசிவரை லேசாகப் போக வேண்டும்.

*நான், 2:55*
ஒரு பக்கம் வழவழவென்று போகிறது. மறுபக்கம் முக்கால்வாசி போனதும் இடிக்கிறது மாமா.

*மாமா, 2:56*
முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார். அந்த வழியாக விழுகிற பொருள் நேராக இந்தக் கதவுக்குத்தான் வரும்.

*நான், 3:20*
📷 படம்
பென்சில்! கட்டைப் பென்சில், கதவுக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காகச் சிக்கியிருந்தது. குச்சி முனையில் இருபக்க டேப்பை ஒட்டி மெல்ல இழுத்தேன். இப்போது தண்டு ஒரு விரலுக்கே முழுதும் திரும்புகிறது.

*அக்கா, 3:24*
ஐயோ, அது சின்னவளுடையது. டேஷ்போர்டு மேல் வைத்துப் படம் வரைவாள். கதவு மூடாமல் தவித்துத் தவித்துத்தான் பல் போனதா?

*மாமா, 3:27*
ஆமாம்மா. குழந்தையைத் திட்டாதே. அந்தத் துவாரத்தின் மேல் ஒரு வலைத்துண்டு ஒட்டிவிடு, காற்று போகிற அளவு கண்ணுள்ளதாக.

*புதன்கிழமை*

*நான், மாலை 6:15*
புதியதை மாட்டியாயிற்று. பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பி, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் விட்டேன். கதவுகள் தாமாக ஒருமுறை போய் வந்தன. முன்கண்ணாடிக்கு இருபது முறை மாற்றிப் பார்த்தேன். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

*அக்கா, 6:18*
கண்ணாடியில் பனி படிந்தால் இப்போது உடனே விலகுகிறது. இத்தனை நாள் அதுவும் சரியில்லாமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மாமா, தம்பி, ரொம்ப நன்றி ❤️

*மாமா, 6:25*
தங்கச்சி, உன் களகள எங்கிருந்து வருகிறது?

*சித்தி, 6:29*
டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து அண்ணா. ஹீட்டர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் அதிகம்.

*மாமா, 6:31*
ஹீட்டருக்குப் போகிற கூலன்டில், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவத்தில், காற்று புகுந்திருக்கும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்துவிடாதே, மேலே பீறிட்டு அடிக்கும். பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியை வெளியிலிருந்தே பார். அளவு எங்கே நிற்கிறது?

*சித்தி, 6:44*
கீழ்க்கோட்டுக்கும் கீழே அண்ணா.

*மாமா, 6:45*
இன்று வண்டியை எடுக்காதே. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது நான் வருகிறேன். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்போம்.