மறுமொழி: குப்பை ஏற்ற லான்ட்மாஸ்ரர் – 18 இலட்சம் நிதி

லண்டனிலிருந்து, தெற்கு ஒழுங்கை

வெளிநாடுகளில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்து அன்பான ஊரவர்களுக்கு,

போன கிழமைதான் ஊரிலிருந்து திரும்பினேன். சனசமூக நிலையத்தார் தந்துவிட்ட கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். குப்பை ஏற்ற ஒரு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்), அதற்குப் பெட்டி, போத்தல் நசிக்கிற மெசின் ஒன்று, எல்லாமாக 18 இலட்சம் ரூபா கேட்கிறார்கள். கடிதத்தில் இல்லாத சிலதை நான் கண்ணால் கண்டபடியால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள தரவை எல்லாருக்கும் நினைவிருக்கும். மாரியில் தண்ணீர் நின்று கொக்கு வருமே, அந்த இடம். இப்போது அதன் கிழக்குக் கரை முழுக்கக் குப்பை, நான் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன். குழந்தைப் பம்பர்ஸ், சோறு கட்டுகிற லஞ்ச் சீற், ரெஜிபோம் என்கிற நுரைப் பெட்டி, பிஸ்கற் உறை. பிரதேச சபை வாகனம் பெரிய வீதியோடு போய்விடும், ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லை. வீதிவரை தூக்கிக்கொண்டு போக வயதானவர்களால் ஏலாது. அதனால் ஒன்றில் தரவை, இல்லாவிட்டால் நெருப்பு. பின்னேரம் ஆறு மணிக்கு வளவுக்கு வளவு புகை எழும்புகிறது. சருகு எரிகிற மணம் எனக்குத் தெரியும். இது அது இல்லை, தொண்டையில் பிடிக்கிறது.

சீனியம்மாவின் கன்று தரவையில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஷொப்பிங் பை. வாயில் பிடித்து இழுத்தேன். ஒரு முழம் வந்தது, மிச்சம் உள்ளே இறுகி நின்றது. பையில் மீன்குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த உப்புக்குத்தான் அது தின்கிறது. கையை விட்டதும் மற்றப் பாதியையும் விழுங்கிவிட்டது. சீனியம்மா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டா.

2017 சித்திரை வருடப்பிறப்பன்று கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 32 பேர் செத்தார்கள். எங்கள் ஊரில் மலை இல்லை என்று ஆறுதல் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மேலே போடுவது மழையோடு கீழே இறங்கும். வழுக்கியாறும் மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு எல்லாம் கிணறுதான். அந்தத் தரவையிலிருந்து பள்ளிக்கூடக் கிணறு நூறு காலடித் தூரம்கூட இல்லை.

தயவுசெய்து ஐப்பசிக்கு முதல் ஒரு முடிவு எடுங்கள்.

*

ரொறன்ரோவிலிருந்து, பொருளாளர்

தங்கைச்சி, நேரில் பார்த்து எழுதியதற்கு நன்றி. தருவதற்கு நான் மறுக்கவில்லை. ஆனால் 18 இலட்சத்துக்கு ஒரே ஒரு விலைமதிப்புத் தாள்தான் வந்திருக்கிறது. மாதாமாதம் ஓடுகிற செலவுக்கு ஒரு வரியும் இல்லை. நூல்நிலையக் கூரையையும் இப்படித்தான் தொடங்கினோம். அந்தப் பற்றுச்சீட்டுகள் இன்னும் என் கைக்கு வரவில்லை என்பதைக் குழு அறியும்.

கடிதத்தில், "போத்தல் விற்கும் காசில் திட்டம் தானாக ஓடும்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு வீட்டில் ஒன்றரை லீற்றர் வெறும் போத்தல் ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடி இல்லாமல் 30 கிராம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஊரில் இப்போது 210 வீடு. வீட்டுக்குக் கிழமைக்கு ஐந்து போத்தல் என்று தாராளமாக வைத்தாலும் 1,050 போத்தல், ஏறக்குறைய 31 கிலோ. வாங்குகிறவர் கிலோவுக்கு 60 ரூபா தருவதாக ஊரில் இருக்கிற என் தம்பி விசாரித்துச் சொன்னான். மாதம் 8,000 ரூபா. மட்டைப்பெட்டி, தகரம், அலுமினியம் எல்லாம் சேர்த்து இன்னொரு 7,000 வந்தால் நல்ல வரவு. ஆக 15,000.

செலவு: இரண்டு ஆள், கிழமைக்கு இரண்டு நாள், ஆள் கூலி 3,000. டீசலும் எண்ணெயும் கிழமைக்கு 3,000. மாதம் 65,000 ரூபா. திருத்த வேலை, ரயர், காப்புறுதி ஒன்றையும் நான் இன்னும் போடவில்லை. மாதம் 50,000 துண்டு விழுகிறது. வீட்டுக்கு 240 ரூபா. இதை யார் கொடுப்பது என்று கடிதத்தில் இல்லை. இதற்குப் பதில் இல்லாமல் வாகனம் வாங்கினால் இரண்டாம் வருடம் அது சனசமூக நிலையத்துப் பின்பக்கம் தறப்பாளால் மூடி நிற்கும்.

நசிக்கிற மெசினைப் பற்றி: நசிக்காமல் ஏற்றினால் லொறி காற்றைத்தான் கொண்டுபோகும், அது சரி. ஆனால் கிழமைக்கு 31 கிலோ என்றால் ஒரு தொன் சேர ஏழரை மாதம். ஏழரை மாதத்துக்கு ஒருதரம் ஒரு தொன் அனுப்புவதற்கு ஊருக்கென்று ஒரு மெசின் தேவையா?

பெரிய நாடுகளே இதில் காசு பார்க்கவில்லை. 2018 தை மாதம் சீனா வெளிநாட்டுப் பழைய பிளாஸ்ரிக்கை எடுக்கமாட்டேன் என்று கதவைச் சாத்தியபோது இங்கே கனடாவிலும் பிரித்துச் சேர்த்த குப்பை கிடந்து குவிந்தது. லண்டன் தங்கைச்சி இருக்கிற நாட்டிலிருந்து 2017க்கும் 2019க்கும் இடையில் 263 கொள்கலன் கழிவு கொழும்புக்கு வந்து இறங்கியது. பழைய மெத்தை, கம்பளம் என்று பெயர். உள்ளே ஆசுப்பத்திரிக் கழிவும் இருந்தது. வழக்கு நடந்து, கடைசித் தொகுதி திரும்பிப் போக 2022 பெப்ரவரி ஆனது. பிரித்தானியாவில் ஒரு தொன் குப்பையை நிலத்தில் புதைக்க 1996இல் 7 பவுண்ஸ் வரி. இப்போது 100 பவுண்ஸுக்கு மேல். புதைக்க அவ்வளவு செலவு என்றால், ஏழை நாட்டுக்குக் கப்பலில் தள்ளிவிடுவதில் லாபம் பார்க்கிறவன் இருப்பான்தானே. குப்பையை அகற்றக் காசு வேண்டும், யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். அதை மறைத்து எழுதுகிற கடிதத்துக்கு நான் கையொப்பம் வைக்கமாட்டேன்.

*

பாரிசிலிருந்து, வைரவர் கோயிலடி

அண்ணை, உங்கடை கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா கணக்குப் பாத்துப் பாத்தே இந்தச் சங்கத்திலை எத்தினை வேலை நிண்டுபோச்சு? பக்கத்து ஊரார் போன வருசமே வாகனம் எடுத்திட்டினம். அவையின்ரை பெட்டியிலை சங்கத்தின்ரை பேர் பெரிசா எழுதிக் கிடக்கு. எங்கடை ஊர் கிணத்துத் தண்ணிக்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்திலை பொம்பிளை கேட்டு வாறவையே கிணத்தடியிலை ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவினம். இப்ப எங்கடை தரவையைப் படமெடுத்து ஊர் ஊரா அனுப்பினா எங்கடை பிள்ளையளுக்கு எப்பிடி இருக்கும்? தங்கைச்சியிலை எனக்குக் கோபமில்லை. படத்தைக் குழுவுக்கு வெளியாலை விடவேண்டாம் எண்டுதான் கேக்கிறன்.

எங்கடை அப்பு ஒரு சருகைக்கூட வளவுக்கு வெளியாலை விட்டவரில்லை. பூவரசங்குழை வெட்டித் தோட்டத்திலை தாட்டார். காணாததுக்குக் காசு குடுத்துக் குழை வாங்கினார், மாட்டெரு வாங்கினார். குப்பைக்கு விலை இருந்த ஊரண்ணை அது! ஆரும் எறியேல்லை, ஏனெண்டா எறிஞ்சா அடுத்த தோட்டக்காரன் அள்ளிக்கொண்டு போயிடுவான். கடையிலை சாமானைப் பேப்பரிலை சுத்தித் தருவாங்கள், அம்மா கடகத்திலை கொண்டு வருவா. சணல் கயிறு ஒரு முழம் எண்டாலும் வீட்டுக் கப்புத் தூணிலை சுத்தி வைப்பா.

இன்னொண்டும் சொல்லவேணும். மழைத்தண்ணி தரவைக்கு வெளியாலை ஓடுற வாய்க்காலை மூடி மதில் கட்டினது ஆரெண்டு ஊருக்குத் தெரியும். நான் பேர் சொல்லேல்லை. அந்தத் தண்ணி ஓடியிருந்தா இண்டைக்கு அங்கை நாறிக்கொண்டு நிக்காது.

நான் 5 இலட்சம் தாறன். பெட்டியிலை அப்புவின்ரை பேர் எழுதவேணும்.

*

ஒஸ்லோவிலிருந்து, சங்கக்கடையடி

எல்லாருக்கும் வணக்கம். நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. இங்கே சின்னப் போத்தல் வாங்கும்போது 2 குரோணரும் பெரியதுக்கு 3 குரோணரும் கூடக் கட்டவேண்டும். கடைக்குள் இருக்கிற மெசினில் வெறும் போத்தலைப் போட்டால் அந்தக் காசு திரும்பி வரும். அதனால் பற்றைக்குள் கிடக்கிற போத்தலைக்கூட யாராவது பொறுக்கிவிடுவார்கள். எங்கள் ஊர்க் கடையிலும் கண்ணாடிச் சோடாப் போத்தலுக்கு அப்படித்தானே இருந்தது? போத்தலைக் கொடுக்காமல் புதுச் சோடா கேட்டால் மாமா தரமாட்டார். கடைக்காரர் மூன்று பேரும் சேர்ந்து போத்தலுக்குப் பத்து ரூபா வைத்தால் என்ன என்று யோசிக்கிறேன்.

*

சூரிச்சிலிருந்து

அக்கா, அது நாடு முழுக்க இருந்தால்தான் சரிவரும். எங்கள் மூன்று கடையில் மட்டும் என்றால் சுன்னாகத்தில் வாங்கிய போத்தலையும் கொண்டுவந்து பத்து ரூபா கேட்பார்கள், கடைக்காரர் நொந்துபோவார். இங்கே சுவிசில் குப்பைப் பையையே விலைக்கு வாங்கவேண்டும். 35 லீற்றர் பை ஏறக்குறைய 2 பிராங். அதனால் என் மனைவி ஒரு பிளாஸ்ரிக்கையும் பைக்குள் வீணாக விடமாட்டா. ஆனால் ஊரில் பைக்குக் காசு என்று வைத்தால் சனம் பை வாங்காது, எரித்துவிடும். ஆகவே எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக மாதப்பணம்தான் நல்லது என்பது என் எண்ணம். 100 பிராங் போடுகிறேன்.

*

லண்டனிலிருந்து, தெற்கு ஒழுங்கை

பாரிஸ் அண்ணை, படத்தை இனி யாருக்கும் அனுப்பமாட்டேன். ஆனால் மதிலையும் வாய்க்காலையும் இதற்குள் இழுக்காதீர்கள். அந்த மதில் ஏன் வந்தது என்பது எனக்கும் தெரியும், எங்கள் வீட்டு ஆட்கள்தான் அன்றைக்குக் கண்ணீரோடு நின்றவர்கள்.

ரொறன்ரோ அண்ணையின் கணக்கை ஊரில் இருக்கிற என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ ஒரு கேள்வி கேட்டா: "அப்ப போத்தல்காரர் என்ன செய்வார்?"

எங்களுக்கு ஒருவருக்கும் இது தோன்றவில்லை. கறுத்தச் சைக்கிளில் பின்பக்கம் இரண்டு உரப்பை கட்டிக்கொண்டு "போத்தல், பேப்பர், பழைய இரும்பு" என்று கூப்பிட்டு வருவாரே, நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலும் அவர்தான். இன்றைக்கும் அவர்தான். அக்கா அவரைப் படலையடியில் மறித்துக் கதைத்தா. பழைய இரும்பையும் அலுமினியத்தையும் எடுத்தால் உடன் காசு. மட்டைப்பெட்டி பரவாயில்லை, நனையாமல் இருந்தால். பிளாஸ்ரிக் போத்தல் நிறை இல்லாதது, ஆனாலும் எடுப்பார். ஷொப்பிங் பை, லஞ்ச் சீற், பிஸ்கற் உறை எடுக்கமாட்டார். ஏனென்று கேட்டதற்கு, "வாங்க ஆளில்லைப் பிள்ளை" என்றாராம். உள்ளே வெள்ளித்தாளும் பிளாஸ்ரிக்கும் ஒட்டியிருக்கிற உறையைப் பிரிக்க வழியில்லை என்று அவருக்கே தெரிகிறது. தரவையில் கிடப்பது எல்லாம் அவர் எடுக்காததுதான். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தகரம்கூட இல்லை.

கடைசியில் அவர் கேட்டாராம், லான்ட்மாஸ்ரர் வந்தால் தனக்கு என்ன மிஞ்சும் என்று.

அண்ணையின் வரவுக் கணக்கில் இருக்கிற 15,000 ரூபா அவருடைய சீவியம். அதை அவரிடமிருந்து எடுத்தாலும் எங்கள் துண்டு விழுதல் அடையாது, 50,000 அப்படியே நிற்கும். பிறகு ஏன் எடுக்கவேண்டும்? விற்கக்கூடியதை அவர் எடுக்கட்டும். வீடுகளில் கழுவிக் காயவைத்து ஒரு பையில் போட்டுவைத்தால் அவருக்கும் நல்ல விலை வரும்.

சமையலறைக் கழிவு வீட்டை விட்டு வெளியே வரத் தேவையில்லை. குப்பையின் நிறையில் பாதிக்கு மேல் அதுதான். பாரிஸ் அண்ணையின் அப்பு செய்ததை ஒவ்வொரு வளவிலும் செய்ய இடம் இருக்கிறது. வாழைக்கு ஒரு கிடங்கு போதும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் நாறாது, கிழமைக்கு இரண்டு தரம் ஏற்றவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருநாள் ஏற்றி, பெரிய வீதியில் சபை வாகனத்திடம் கொடுத்தால் சரி.

அதற்குச் சொந்த வாகனம் தேவையில்லை. மணியகாரர் வீட்டு லான்ட்மாஸ்ரர் தோட்ட வேலை இல்லாத நாளில் சும்மா நிற்கிறது. ஒருநாள் வாடகை 5,000, இரண்டு ஆள் கூலி 6,000. இரண்டு கிழமைக்கு 11,000. வீட்டுக்கு மாதம் 120 ரூபா எடுத்தால் 25,200 வரும், செலவு அதற்குள் முடியும். பிள்ளைகள் வெளியில் இல்லாத வீடுகள் இருபதுக்குக் கிட்ட இருக்கும், அந்தப் பணத்தை நாங்கள் போடவேண்டும்.

இன்னொன்று. கோயில் திருவிழாப் பத்து நாளும் வருகிற குப்பை ஊராரின் குப்பை இல்லை. உபயம் எங்களுடையது, தண்ணீர்ப் போத்தல் பெட்டி பெட்டியாய் இறக்குவது நாங்கள். போன ஆவணியில் எங்கள் உபயத்தன்று மட்டும் நாற்பது பெட்டி. அந்தக் காசுக்கு எவர்சில்வர் பேணி ஐந்நூறு வாங்கிக் கோயில் களஞ்சியத்தில் வைத்தால் வருடக்கணக்காக நிற்கும். அதை என் பங்காக எழுதிக்கொள்ளுங்கள்.

*

ரொறன்ரோவிலிருந்து, பொருளாளர்

கணக்கு சரி. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் 120இல் பாதியையாவது தாங்களே கட்டவேண்டும். முழுவதையும் நாங்கள் கொடுத்தால், நாங்கள் நிறுத்துகிற மாதம் குப்பை திரும்பத் தரவைக்குப் போகும். மற்றப் பாதி ஒரு வருடத்துக்கு 151,200 ரூபா. அதை நான் அனுப்புகிறேன். பெயர் எங்கேயும் எழுதவேண்டாம். பாரிஸ் தம்பியின் 5 இலட்சத்தைத் தரவையைத் துப்புரவாக்க வைத்துக்கொள்ளலாம், அவர் சம்மதித்தால். வாய்க்காலையும் அதோடு திறக்கட்டும். எங்கள் மதிலில் எவ்வளவு உடைக்கவேண்டுமோ உடையுங்கள், ஊரில் இருக்கிற என் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு வாடகை நாளுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். மணியகாரர் வீட்டில் நான் போய்க் கேட்கமாட்டேன். லண்டன் தங்கைச்சி கேட்கட்டும், அவவுக்கு அங்கே இன்னும் தேத்தண்ணி கொடுப்பார்கள்.