டண்டியில் படிப்பு முடியுது, பெங்களூரில் ஆஃபர்: எதைப் பிடிப்பது?

ஈரோட்டுப்பெண்:
ஸ்காட்லாந்து டண்டியில் கேம் ஆர்ட் முதுநிலை படிக்கிறேன். 2026 செப்டம்பரோடு முடியுது. என்விரான்மென்ட் ஆர்ட்தான் (கேம்ல வர்ற தெரு, கட்டடம், பொருள் எல்லாம் செய்றது) என் பக்கம். இங்கே ஜூனியர் வேலைக்குப் போட்ட விண்ணப்பமெல்லாம் கிணத்துல போட்ட கல்லு. பெங்களூரில் ஒரு அவுட்சோர்ஸ் ஸ்டுடியோ (வெளிக் கம்பெனிகளோட கேம் வேலையை வாங்கிச் செய்யுற இடம்) ஆஃபர் கொடுத்திருக்கு, ஆகஸ்டுக்குள் பதில் சொல்லணும். படிப்பு முடிச்சவங்களுக்குத் தர்ற கிராஜுவேட் விசா எடுத்து ரெண்டு வருஷம் இங்கேயே தேடலாமா, கிளம்பிடலாமா? கல்விக் கடன் அப்பா பேர்ல இருக்கு.

முட்டுச்சந்து:
கிளம்பு தங்கச்சி. நான் பெங்களூர்லதான் இருக்கேன். கேம்ல வர்ற பெஞ்சு, குப்பைத்தொட்டி, பாறைன்னு அங்கே ஜூனியர் செய்ய வேண்டியதெல்லாம் எங்ககிட்ட வந்துடுது. அப்புறம் அங்கே ஜூனியர் இடம் எங்கிருந்து வரும்? 2024 தொடக்கத்துல மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேரைத் தூக்குனாங்க. சோனி 900 பேரைத் தூக்குறதாவும், லண்டன் ஸ்டுடியோவையே மூடுறதாவும் அறிவிச்சுது. அஞ்சு வருஷ அனுபவக்காரனும் இப்ப உன்கூட அதே வரிசையில நிக்கிறான்.

நல்லூரான்:
தம்பி சொல்லுறது பாதிதான் சரி. நான் இங்கிலாந்தில இதே வேலைதான் செய்யிறன். பெங்களூரில மூண்டு வருசம் பெஞ்சு செய்தாலும் அதைப் போர்ட்ஃபோலியோவில (செய்த வேலையைக் காட்டுற தொகுப்பில) போடேலாது, ரகசிய ஒப்பந்தம் இருக்கும். கேம் வெளிவந்த பிறகும் சில கம்பனி விடாது. கிரெடிட்ஸில சில நேரம் அவுட்சோர்ஸ் கம்பனியின்ர பேர் மட்டும்தான் ஓடும். பிறகு இஞ்ச வேலை கேக்கேக்க எதைக் காட்டுறது?

இன்னொண்டு. கிராஜுவேட் விசாவுக்கு இந்த நாட்டுக்குள்ள இருந்துதான், மாணவர் விசா முடிய முன்னம் விண்ணப்பிக்கோணும். அதுவும் பல்கலைக்கழகம் படிப்பு முடிஞ்சதெண்டு அறிவிச்ச பிறகு. 2027 ஜனவரி 1இல இருந்து விண்ணப்பிக்கிற முதுநிலைக்காரருக்கு ரெண்டு வருசம் பதினெட்டு மாசமாகுது. உங்கட முடிவு எப்ப வருமெண்டு இப்பவே கேளுங்கோ.

கணக்கப்பிள்ளை:
காசையும் கொஞ்சம் பார்ப்போம். அந்த விசாவுக்கு சுகாதாரக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 1,035 பவுண்ட்; ரெண்டு வருஷத்துக்கு 2,070, மொத்தமா முன்கூட்டியே. விண்ணப்பக் கட்டணம் தனி. அதுக்கப்புறம் தங்கணும்னா ஸ்கில்டு வொர்க்கர் விசா, அதாவது கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசா. அதுக்குக் குறைஞ்சபட்சச் சம்பளம் உண்டு; புதுசா வர்றவங்களுக்கான சலுகை வரம்பே 2025 ஜூலையிலிருந்து 33,400 பவுண்ட். வேலைக் குறியீட்டைப் பொறுத்து அதுக்கு மேலேயும் போகும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் சம்பளம் பல ஸ்டுடியோவில் 30,000ஐயே தொடாது. ஸ்டுடியோ ஸ்பான்சர் பண்ண ஒத்துக்கிட்டாலும் சம்பளம் இடிக்கும்.

சும்மாபோறவன்:
எதுக்கு இவ்வளவு யோசனை? படிக்கும்போதே ஆன்லைன்ல கமிஷன், அதாவது காசுக்கு ஆர்டர், எடுத்து வரைஞ்சு சம்பாதிக்கலாமே.

நல்லூரான்:
தயவுசெய்து செய்யாதேங்கோ. மாணவர் விசாவில சுயதொழில் கூடாது, கமிஷனும் அதுக்குள்ளதான் வரும். கிராஜுவேட் விசாவில பிரச்சினை இல்லை. அதையும் கணக்கப்பிள்ளை வரவில எழுதலாம்.

முட்டுச்சந்து:
அண்ணே, போர்ட்ஃபோலியோவை சனி ஞாயிறுல செஞ்சுக்கலாம். டீம் லீட் ஒருத்தர் உன் மாடல் மேலேயே கோடு போட்டு "இது தப்பு"ன்னு தினமும் திருப்பி அனுப்புறது வீட்ல உக்காந்தா கிடைக்குமா? பெங்களூரைச் சின்ன இடமா நினைக்காதீங்க. 1997ல ஆரம்பிச்ச இங்கத்த ஸ்டுடியோ துருவாவை 2019ல ஜிடிஏ கேம் செய்யுற ராக்ஸ்டாரே வாங்குச்சு. டண்டியில பிறந்த ஜிடிஏவை இன்னிக்கு ராக்ஸ்டாரோட எடின்பரோ ஸ்டுடியோவோட பெங்களூரும் சேர்ந்துதான் சுமக்குது.

நல்லூரான்:
ராக்ஸ்டார் ஆஃபர் எண்டால் நானே பெட்டி கட்டிக் குடுப்பன். பிள்ளைக்குக் கிடைச்சது அதில்லையே.

தங்கச்சி, நீங்கள் தனிமடலில அனுப்பின ஆர்ட்ஸ்டேஷன் போர்ட்ஃபோலியோப் பக்கம் பாத்தன். எண்ணெய் டிரம், துப்பாக்கி, மரப்பெட்டி மூண்டிலயும் ஒரே ஸ்மார்ட் மெட்டீரியல் (தேய்மானம், துருவைத் தானாப் போடுற ரெடிமேட் பூச்சு). எல்லா விளிம்பும் ஒரே அளவில தேஞ்சிருக்கு. டிரம்மை உருட்டினால் நடு வளையம்தான் தேயும். மழை வழிஞ்ச துரு மூடிக்குக் கீழதான் இறங்கும். மாடலின்ர கோட்டுவலையைக் காட்டுற வயர்ஃப்ரேம் படம் ஒண்டும் இல்லை. ஆனா அன்ரியல் கேம் எஞ்சினில செய்த துறைமுகத் தெரு நல்லாயிருக்கு. ஒரே ட்ரிம் ஷீட்டை (பல இடத்தில திருப்பிப் பாவிக்கிற பட்டைகள் உள்ள டெக்ஸ்சர் படம்) வச்சு மூண்டு கட்டடத்தை ஓட்டியிருக்கிறீங்கள், அதைத்தான் ஸ்டுடியோக்காரர் தேடுவினம். அதை மேல வச்சு மிச்சத்தைத் தூக்குங்கோ. இப்ப பதில் வராததுக்கு விசாவை விட அந்த டிரம்தான் காரணமெண்டு நினைக்கிறன்.

முட்டுச்சந்து:
டிரம் விஷயத்துல அண்ணன் கட்சிதான் நானும். மத்ததுல இல்ல.

ஈரோட்டுப்பெண்:
டிரம்மை எடுத்துட்டேன். முடிவு நவம்பர்ல வருமாம், அதனால ரெண்டு வருஷ விசாவுக்கு நேரம் இருக்கு. பெங்களூர்ல சேரும் தேதியை ஜனவரிக்குத் தள்ள முடியுமான்னு கேட்டிருக்கேன். ஆஃபர் லெட்டர்ல ரெண்டு வருஷ பாண்டுன்னு போட்டிருக்கே, அது வழக்கம்தானா?

முட்டுச்சந்து:
பாண்டா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா! எங்க ஆபீஸ்ல அப்படி ஒண்ணும் இல்லியே. கையெழுத்துப் போட்டுடாதே, நிறுத்து.

கணக்கப்பிள்ளை:
நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும், பயிற்சிக் காலமும் அந்த ரெண்டு வருஷத்துல சேருமான்னு எச்.ஆர். கிட்ட மெயில்ல கேளுங்க. போன்ல சொல்றதை நம்பாதீங்க. பதில் வந்ததும் தொகையை இங்கே போடுங்க, 2,070 பவுண்டோட வச்சுப் பார்ப்போம்.